கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்

வெம்பக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-இல் தொடங்கிய அகழாய்வு. இன்னொன்று, பட்டாசு ஆலை வெடி விபத்து. செய்தியில் அதிகம் வராத மூன்றாவது ஒன்றும் இங்கே இருக்கிறது. அது கண்டியாபுரத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அனுப்பன்குளம், ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு என்று நம் மாவட்டத்தில் இன்னும் பல முகாம்கள் உண்டு. பேருந்தில் போகும்போது அந்த ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்போம். அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களோடு பக்கத்தில் நின்று வேலையும் பார்த்திருப்போம். ஆனால் அவர்கள் யார், எங்கிருந்து போய் எங்கே வந்தவர்கள் என்று நாம் கேட்டதில்லை.

முகாமில் இருப்போர் எல்லாரும் போருக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்து, வன்னித் தமிழர்கள் என்பதே பொது நினைப்பு. அது பாதி உண்மைதான். தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் சுமார் 58 ஆயிரம் பேரில் ஏறத்தாழ பாதிப்பேர், அதாவது 30 ஆயிரத்தை ஒட்டிய தொகையினர், மலையகத் தமிழர்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதி மக்கள். நம் சொந்தபந்தம்.

இந்தியச் சட்டம் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. பூட்டன் பிறந்த மண்ணுக்குப் பேரன் வந்தால் அவன் சட்டவிரோதக் குடியேறி! இது எப்படி நடந்தது? மனித உரிமை, அகதி உரிமை, குடியுரிமை என்று உலக நாடுகள் எழுதி வைத்த நெறிகள் இவர்கள் விஷயத்தில் என்ன செய்தன?

சிம்னி கேட்ட கேள்வி

சர்வதேச நெறி என்பதைப் பெரிய விஷயமாக எண்ணி மிரள வேண்டாம். நாடுகள் கூடி, ‘இனி இப்படித்தான் நடந்துகொள்வோம்’ என்று ஒப்புக்கொள்ளும் வரைமுறை அது. சிலது ஒப்பந்தமாகக் கையெழுத்தாகும். சிலது கையெழுத்து இல்லாமலே வழக்கமாகிவிடும். நம் கிராமத்து ஊர்க்கட்டுப்பாடு போலத்தான். ஊர்க்கட்டுப்பாட்டை யார் போடுகிறார்கள், அது யாரைக் காக்கிறது, யாரைக் கட்டிப்போடுகிறது என்பதைச் சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே கேள்வியை உலக அளவில் கேட்டவர் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்த பேராசிரியர் பி.எஸ்.சிம்னி. அகதிகள் பற்றிய ஆய்வுகளின் அரசியலைத் தெற்கு நாடுகளின் பக்கமிருந்து பார்த்து 1998-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தத் துறையில் உலகெங்கும் மாணவர்கள் படிப்பது.

அவர் சொல்வதன் சாரம் இது. 1951-இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த ஐரோப்பியரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1951-க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கே அது பொருந்தியது. அந்த வரம்பை நீக்கியது 1967-இல் வந்த நெறிமுறைதான். அந்தக் காலத்தில் ‘அகதி’ என்றால் மேற்கு நாடுகளின் மனக்கண்ணில் தெரிந்தவர் கம்யூனிச நாட்டிலிருந்து தப்பி வரும் வெள்ளைக்கார ஆண். அவருக்குக் கதவு திறந்தது. பனிப்போர் முடிந்து ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியதும் ‘இவர்கள் வேறு வகை’ என்று ஒரு பேச்சு கிளம்பியது. விசா கெடுபிடி வந்தது. ‘சொந்த நாட்டுக்கே திரும்பிப் போவதுதான் தீர்வு’ என்பது புதிய நெறியானது. நெறி மாறியதற்குக் காரணம் அறம் அல்ல, வல்லரசுகளின் வசதி என்கிறார் சிம்னி.

இந்த ஆய்வு நமக்கு ஒரு கண்ணாடி. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு மலையகத் தமிழர் கதையைப் பார்த்தால், சிம்னியின் வடக்கு, தெற்கு என்ற கோட்டுக்குள் அடங்காத ஒன்றும் தெரிகிறது. தெற்கு என்கிற ஊருக்குள்ளும் சேரி இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் தெற்கு நாடுகள்தான். அவை இரண்டும் சேர்ந்து தங்கள் உழைப்பாளி மக்களை என்ன செய்தன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

துண்டும் தகர வில்லையும்

இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் 1820-களில் தொடங்கின. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கே மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லை. சொந்த நிலம் இல்லாத, பண்ணைக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள்தான் முதலில் கிளம்பினார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருசப் பஞ்சம் இன்னும் பல்லாயிரம் பேரைத் துரத்தியது. ‘கண்டிச் சீமைக்குப் போவது’ என்பது தென்மாவட்டங்களில் ஒரு தலைமுறையின் பேச்சு வழக்காகவே ஆனது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டியதாக முதியவர்கள் சொல்வார்கள்.

கங்காணி கொடுத்த முன்பணம் கடனானது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தொழிலாளி சொந்தம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய துரை துண்டுத் தொகையைக் கட்டி எடுக்க வேண்டும். துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921-இல்தான். கடல் கடக்கும் தொழிலாளிக்கு எண் பொறித்த தகர வில்லை ஒன்றும் தரப்பட்டது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் முகாம் அமைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அன்று கூலிகளை அடைத்து வைத்துப் பரிசோதித்த அதே மண்டபம்தான் பிற்காலத்தில் அகதிகள் முகாம் ஆனது. பூட்டனை அனுப்பி வைத்த இடத்திலேயே பேரனை இறக்கி வைத்தது வரலாறு.

போன இடத்திலும் சாதி கூடவே போனது. கங்காணிகள் பெரும்பாலும் மேல்தட்டுச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயன் வீடுகள் ஒதுக்குவதிலும் தண்ணீர் எடுப்பதிலும் சாதி பார்க்கப்பட்டது. நெல்லைச் சீமையின் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணின் பாட்டை 1930-களிலேயே ‘துன்பக்கேணி’யில் எழுதினார் புதுமைப்பித்தன். தமிழ் படிக்கும் மாணவர்கள் அந்தக் கதையை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

1948: மூன்று தேதிகள்

1947-இல் இலங்கையில் நடந்த தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்வதற்கும் தோட்டத்து வாக்குகள் உதவின. அடுத்த ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றதும் ஆட்சியாளர்கள் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது.

1948-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும் மூன்று தேதிகளை மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 15: இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அது. லயன் அறையில் பிறந்தவருக்கு ஏது பிறப்புப் பதிவு?

நவம்பர் 29: டெல்லியில் அண்ணல் அம்பேத்கர் முன்வைத்த அரசியல் சட்ட வரைவில், தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது.

டிசம்பர் 10: பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 15-ஆம் பிரிவு, நாட்டுரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு, அதைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது.

ஒரு பக்கம் தீண்டாமை ஒழிகிறது. ஒரு பக்கம் உலகமே நாட்டுரிமையை அறிவிக்கிறது. அதே 25 நாட்களின் தொடக்கத்தில்தான், இந்த இரண்டு அறிவிப்புகளும் யாருக்கு மிகவும் தேவையோ அந்த மக்கள் நாடற்றவர்களாக நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் போனது. 1949-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி குடியுரிமை கேட்டு 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

ஆளைப் பங்கு போட்ட ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஒத்திவைத்தார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் ஆட்டைப் பங்கு போடுகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே ஆளைப் பார்க்காமலே எண்ணிக்கையைப் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் நாடற்ற நிலை பற்றி ஆய்வு செய்து 2009-இல் நூலாக வெளியிட்ட வள்ளி கணபதிப்பிள்ளை போன்றோரின் எழுத்துகள் வழியே, இந்தக் கணக்குக்குள் உடைந்துபோன குடும்பங்களை நாம் அறிகிறோம். கணவன் இந்தியக் கணக்கில், மனைவியின் பெற்றோர் இலங்கைக் கணக்கில் என்று பிரிந்தவர்கள் ஏராளம்.

நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு ரப்பர் தோட்டம், சிலருக்கு நூற்பாலை. இன்னும் பலருக்குச் சிறு தொழில் கடன் என்ற பெயரில் ஒரு தொகை. தேயிலைக் கொழுந்து மட்டுமே பறிக்கத் தெரிந்தவர், முன்பின் தெரியாத ஊரில் அந்தக் கடனை வைத்து என்ன கடை நடத்துவார்? ஊர்க்காரர்கள் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். அங்கே இருந்தவரை ‘இந்தியாக்காரர்’. இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்’!

1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரம் பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

முகாமுக்கு எப்படி வந்தார்கள்?

மலையகத்தில் 1958, 1977, 1981, 1983 என்று கலவரங்கள் தொடர்ந்தன. லயன்கள் எரிந்தன. உயிருக்குப் பயந்து ஏராளமானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு திருத்திக் குடியேறினார்கள். போர் அங்கேயும் வந்தது. மற்றவர்களோடு சேர்ந்து அவர்களும் படகேறினார்கள்.

இந்தப் படகுப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 1964 ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் அவர் இந்தியக் குடிமகன். அதே மனிதர் 1990-இல் உயிர் தப்பிப் படகில் வந்ததால், கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர். 2003-இல் திருத்தப்பட்ட நம் குடியுரிமைச் சட்டத்தில் அவர் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தால் பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ அந்தக் கதவருகே வரக் கூடாது.

அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள். தாய் தந்தையரோ பாட்டன் பாட்டியரோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழும் ஒருவரும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம் என்ற வழியை அது அமைத்தது. நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் பாட்டனின் ஊரை உறவாக மதித்தார்கள். பிந்தைய திருத்தங்கள் படகைக் குற்றமாகப் பார்த்தன.

சாதி உண்டு, சான்று இல்லை

நாடற்ற நிலை எல்லாரையும் வருத்தும். ஒடுக்கப்பட்டவரை இரண்டு முறை வருத்தும். குடியுரிமை இல்லாதவரால் வாக்களிக்க முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது, கடவுச்சீட்டு எடுக்க முடியாது. இது முகாமில் எல்லாருக்கும் பொது. பட்டியல் சாதிப் பிள்ளைக்குக் கூடுதலாக இன்னொன்றும் இல்லை. அது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி என்ற தகுதி, 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்தியக் குடிமக்களுக்கு வருவது. ஆகவே முகாமில் பிறந்த பிள்ளைக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவிகளிலும் உரிமை கோர முடியாது.

அந்தப் பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் 1970-களில் கப்பலில் வந்த குடும்பத்தில் பிறந்திருப்பான். அவன் சான்றிதழ் பெற்றுக் கல்லூரிக்குப் போய் அரசு வேலையிலும் சேர்ந்திருக்கலாம். ஒரே பூட்டன், ஒரே சாதி, ஒரே வறுமை. ஒருவனுக்குச் சமூக நீதி உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. சாதி இருவரையும் விட்டுவிடவில்லை, சான்றிதழ்தான் ஒருவனை விட்டுவிட்டது. சமூக நீதி பேசும் நாம் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாமல் இருந்தது பெரிய குறை.

கையெழுத்தும் நெறியும்

1951 அகதிகள் உடன்படிக்கையிலும், நாடற்றவர் குறித்த 1954, 1961 உடன்படிக்கைகளிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. இலங்கையும் இல்லை. ‘மேற்கு நாடுகள் தாங்கள் எழுதிய நெறியைத் தாங்களே உடைக்கும்போது இந்தியா ஏன் சேர வேண்டும், அவர்கள் முதலில் கதவைத் திறக்கட்டும்’ என்று வாதிட்டவர்களில் சிம்னியும் ஒருவர். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியே கையெழுத்திடாததற்குச் சொல்லும் நியாயம், உள்ளே சட்டம் இயற்றாததற்குப் பொருந்தாது. அகதிகளுக்கென்று இந்தியாவில் இன்றுவரை தனிச் சட்டம் இல்லை. ஓர் ஆட்சி வீடு கட்டித் தரும், இன்னோர் ஆட்சி கெடுபிடி செய்யும். உரிமை என்று எதையும் பிடித்து நிற்க முடியாது.

கையெழுத்திட்டவை என்ன ஆயின? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979-இல் இந்தியா சேர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது அது. 1992-இல் சேர்ந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இவை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கின்றன.

ஆனாலும் நீதிமன்றக் கதவைத் தட்டியவர்கள் சில வெளிச்சங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2019 ஜூன் மாதம், இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் 65 பேர் தொடர்ந்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பெற்று மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் இன்னொரு வழக்கு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர வேண்டும் என்று அதே மதுரைக் கிளை சொன்னது. காரணம் எளிமையானது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்தப் பெண் 2024 தேர்தலில் வாக்களித்தார்.

எதிர்க்காற்றும் வீசுகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையை நீக்கியது. அதில் இலங்கை இல்லை. 2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கும் இருந்து வருகிறவர்களைத் தங்க வைக்க இந்தியா சத்திரமல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துச் சொன்னது. அது வேறு வகை வழக்கு. ஆனால் அந்தச் சொல்லை மலையகத் தமிழர் மீதும் வீசுகிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. சத்திரத்துக்கு வருகிறவர் வழிப்போக்கர். இவர்கள் பாட்டன் வீட்டுக்கு வந்தவர்கள். அதே ஆண்டு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு வெளிநாட்டினர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் ‘தண்டிக்க மாட்டோம்’ என்பதும் ‘நீ எங்கள் குடி’ என்பதும் ஒன்றல்ல.

நெறி எப்போது அசைகிறது?

இலங்கையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்றது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தன. சில நாட்களிலேயே சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் குடிமக்கள் ஆனார்கள். இந்திய முகாம்களில் இருப்போரும் கோரலாம் என்று 2009-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு இதைச் செய்தது. எப்படி? தொழிற்சங்கம் இருந்தது. அதன் கையில் நாடாளுமன்றத்தில் ஆட்சியைத் தாங்கும் வாக்குகள் இருந்தன.

தலித் இயக்கத்தின் அனுபவமும் அதுதான். 2001-இல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தபோது, சாதி உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. நம் தோழர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமந்துகொண்டு போனால்தான் நெறி நடக்கிறது.

முகாமில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. அதனால் அவர்களுக்காகச் சுமக்கும் பொறுப்பு வாக்கு உள்ள நமக்குத்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஆவணம். 1987 ஜூன் 30 வரை முகாமில் பிறந்த ஒவ்வொருவரையும் கண்டறிய வேண்டும். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றின் உதவியோடு சான்று பெற்றுத் தர வேண்டும். அவர்கள் குடிமக்களாக ஆக வேண்டியதில்லை. ஏற்கெனவே குடிமக்கள். அவர்களின் பிள்ளைகளில் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்களும், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்பதால், குடிமக்களே. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகம் கொடுத்த பழைய கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ பெட்டிக்கு அடியில் கிடந்தால், அதைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, நம் கிராமங்களின் நினைவு. கண்டிக்குப் போய்த் திரும்பாத பாட்டனின் தம்பி, அத்தையின் மாமனார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்வார்கள். பழைய நிலப் பதிவேடு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, கோயில் வரிக்கணக்கு எதிலாவது அந்தப் பெயர் இருக்கும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் இதைக் கள ஆய்வாக எடுத்துச் செய்யலாம். முகாமில் உள்ள முதியவர் ‘எங்க பூட்டன் ஊர்’ என்று சொல்லும் பெயரும் இங்கே ஒரு கிராமத்துப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றானால், அது ஆய்வேடு மட்டுமல்ல, வழக்கில் வைக்கக்கூடிய சான்றும் ஆகும்.

மூன்றாவது, நம் வாசலுக்கு வருகிறவர்கள். நம் பகுதி ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் இன்று வட மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆள்பிடிப்பவர் கையில் முன்பணம், ஆலைக்குப் பின்னால் வரிசை அறை, கையில் ஊர்ச் சீட்டு இல்லாத குழந்தை. இது நம் பூட்டன்மார்கள் கண்ட அதே காட்சி. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பட்டப்பெயரில் அழைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் திருத்த வேண்டியது நாம்தான். நமக்காக உலகத்திடம் கேட்கும் நெறியை நம் தெருவில் கடைப்பிடிக்காவிட்டால் அதைக் கேட்கும் தகுதி நமக்கு ஏது?

2021-இல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. பலகை மாறியது, கூரை மாறியது. மாற வேண்டியது இன்னும் ஒரு சொல். முகாம்களில் பதிவு பெற்று வாழும் இலங்கைத் தமிழரை, குறிப்பாக இந்திய வம்சாவளியினரை, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து விலக்க ஒரே ஒரு வரித் திருத்தம் போதும். மூன்று நாடுகளுக்குச் செய்ய முடிந்ததை நான்காவது நாட்டுக்கும் செய்ய முடியும். குடியுரிமை வேண்டுவோருக்கு அது, திரும்பிப் போக விரும்புவோருக்குப் பாதுகாப்பான பயணமும் அங்கே நிலமும். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். 1964-இல் அவர்களிடம் கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்க வேண்டும்.

அடுத்த முறை நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருகிற எந்தக் கட்சி வேட்பாளரிடமும் இந்த ஒரு வரித் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா என்று கேட்போம். சாலை, குடிநீர், பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளோடு இதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுப்போம். கண்டியாபுரத்தில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 18 வயதாகும்போது, வாக்காளர் பட்டியலில் அதன் பெயரும் இருக்க வேண்டும்.